எலும்பு மீன்களின் வரிசை: கூடலூர், பந்தலூர் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாடுகாணி

கூடலூர், பந்தலூர் வட்டங்களின் பள்ளிகளில் விஞ்ஞானம் போதிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

பிராணிகளின் வகைப்பாடு என்னும் அத்தியாயம் வரும்போது, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று மாணவர்கள் பெயர்களை ஒப்பிப்பதோடு அது முடிந்துபோவதையும், அதிலும் எலும்பு மீன்கள் என்ற பகுதி, குருத்தெலும்பு மீன்களுக்கு எதிர்நிரலில் ஒரு பட்டியலாக எழுதப்பட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறக்கப்படுவதையும் நீங்கள் அறிவீர்கள். அதைப் பற்றி உங்களுக்கே இந்த மடலை எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. மீன்களை வகுத்தறியும் சாஸ்திரத்தைக் கற்பிக்க, நீங்கள் பணிபுரியும் இந்த மேட்டுநிலத்தைப் போல வாய்ப்பான இடம் தமிழ்நாட்டில் வேறு அதிகம் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நாடுகாணியில் நின்று மேற்கே பார்த்தால் நிலம்பூர்க் காடுகள் கீழே விரிந்து கிடக்கின்றன. பாண்டியாறும் புன்னம்புழையும் அத்திசையில் இறங்கிச் சாலியாற்றிற் கலந்து, பேப்பூரில் அரபிக்கடலைச் சேர்கின்றன. ஆனால் கூடலூரிலிருந்து தெப்பக்காட்டுக்குப் போகும் வழியில், பிரயாணிகள் எவரும் கவனியாத ஓரிடத்தில், நீரின் போக்கு திரும்பிவிடுகிறது. அதற்கப்பால் விழும் மழை மாயாற்றில் ஓடி, பவானிசாகரில் பவானியோடும், கூடுதுறையில் காவிரியோடும் கூடி, வங்கக்கடலுக்குப் போகிறது. யானைக்கும் மானுக்கும் இந்த மேடு ஒரு தடையன்று. பறவைக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. நீரைவிட்டு வெளியே வாழ முடியாத மீனுக்கோ, மூன்று நான்கு மைல் அகலமுள்ள இந்த நிலம் ஒரு சமுத்திரத்தைப் போலக் குறுக்கே நிற்கிறது. ஆகவே இருபுறத்து ஓடைகளிலும் வாழும் மீன்கள் எவ்வளவில் ஒன்று, எவ்வளவில் வேறு என்று கேட்பது, உங்கள் மாணவர்கள் தம் வீட்டுப் பக்கத்திலேயே கேட்கக்கூடிய, இன்னும் முழு விடை சொல்லப்படாத விஞ்ஞானக் கேள்வியாகும்.

இந்தக் கேள்விக்குள் போகுமுன், எலும்பு மீன் என்பது எது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பால் ஆன உடல் படைத்தவை. அவற்றின் செவுள் திறப்புகள் மூடியின்றித் தனித்தனியே தெரிகின்றன. மற்ற மீன்களிற் பெரும்பாலானவற்றில் எலும்பு கெட்டிப்பட்டிருக்கிறது. செவுளை ஒரு மூடி காக்கிறது. வயிற்றினுள் மிதப்பதற்கு உதவும் காற்றுப்பை இருக்கிறது. இவ்வளவோடு பாடபுத்தகம் நிறுத்திக்கொள்ளும். அதற்கடுத்த பிரிவுதான் உண்மையில் ஆச்சரியமானது. எலும்பு மீன்கள் இரு பெருங்கிளைகளாகப் பிரிகின்றன. ஒன்று, விசிறிக் கம்பிகளைப் போன்ற மெல்லிய கதிர்களால் துடுப்பு தாங்கப்பட்ட கதிர்த்துடுப்பு மீன்கள். முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களோடு, உலகில் உள்ள முதுகெலும்புப் பிராணிகளிற் பாதி இந்தக் கிளையிலேயே அடங்கிவிடுகிறது. மற்றொன்று, துடுப்பின் அடியில் சதைப்பற்றும் உள்ளெலும்பும் கொண்ட கிளை. அதில் மீன் என்று சொல்லத்தக்கவையாக இன்று எஞ்சியிருப்பவை நுரையீரல் மீன்களும், 1938இல் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் கோர்ட்னி-லாட்டிமர் என்ற அம்மையாரின் கண்ணிற்பட்டு உலகையே திகைக்கவைத்த சீலகாந்த் மீனுமே ஆகும். இந்தச் சதைத்துடுப்புக் கிளையிலிருந்துதான் தவளையும் பாம்பும் பறவையும் முதுமலைப் புலியும் நாமும் தோன்றினோம். பரம்பரையை மட்டும் கொண்டு வகுப்பதானால் எலும்பு மீன்கள் என்ற வர்க்கத்துக்குள் மனிதனையும் சேர்த்தாக வேண்டும். இன்றைய அறிஞர்கள் அப்படியே சேர்க்கிறார்கள். இதைக் கேட்ட பிறகும் எந்த மாணவனாவது வகைப்பாட்டை வறண்ட பாடம் என்பானா?

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. மீனியலின் தந்தை என்று போற்றப்படும் சுவீடன் நாட்டுப் பீட்டர் ஆர்ட்டெடி, 1735இல் தம் முப்பதாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் கால்வாயொன்றில் விழுந்து இறந்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதியை 1738இல் பதிப்பித்தவர் அவருடைய நண்பர் லின்னேயஸ். அந்த லின்னேயஸே 1758இல், திமிங்கிலத்தை மீன்களிலிருந்து சரியாக விலக்கிய அதே நூலில், சுறாக்களைத் தவளைகளோடு சேர்த்துவிட்டார். பின்வந்த அகாசி என்ற அறிஞர் செதில்களின் அமைப்பைக் கொண்டு மீன்களை நான்காகப் பகுத்தார். ஜெர்மானிய உடற்கூற்று நிபுணர் ஜோஹன்னஸ் முல்லர் செதிலை மட்டும் நம்புவது போதாது என்று இதயத்தையும் அதன் வால்வுகளையும் ஆராய்ந்து, இன்று மீன்களிற் பெரும்பான்மையாக உள்ள முழு எலும்பு மீன்களைத் தனியே பிரித்துக் காட்டினார். எலும்பு மீன்கள் என்ற பொதுப்பெயரை 1880இல் வழங்கியவர் ஹக்ஸ்லி என்ற அறிஞர்.

இந்தச் சரித்திரத்தில் நம் தமிழ்க் கடற்கரைக்கும் ஓர் இடம் உண்டென்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற மிஷனரி, அவ்விடத்து மீன்களைப் பதப்படுத்திப் பெர்லின் நகரத்து வைத்தியர் பிளாக் என்பவருக்கு அனுப்பினார். பனையேறிக் கெண்டையும் விராலும் உலக விஞ்ஞானத்திற் பெயர் பெற்றது அந்தப் பிளாக்கின் எழுத்தால்தான், 1792, 1793 ஆகிய ஆண்டுகளில். பெயரில் கெண்டை என்று இருந்தாலும் பனையேறிக்குக் கெண்டையோடு நெருங்கிய உறவில்லை. அதன் உறவு விராலோடுதான். இரண்டும் செவுளுக்கு மேலுள்ள ஓர் அறையின் துணையால் காற்றை நேரே சுவாசிக்க வல்லவை. வெகுகாலம் தனித்தனியே வைக்கப்பட்டிருந்த அவை இப்போது ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன.

பின்னர் 1966இல் கிரீன்வுட், ரோசன், வைட்ஸ்மன், மையர்ஸ் என்ற நால்வர் சேர்ந்து முழு எலும்பு மீன்களின் பரம்பரையை அடியோடு புதுப்பித்து எழுதினார்கள். அதன் பின்னர் மரபணு ஆராய்ச்சி வந்து, 2013இலும் 2017இலும் வெளியான பெரும் வகைப்பாடுகளில் பல வரிசைகள் கலைந்து மீண்டும் அமைந்தன. கோழிக்கோட்டிலிருந்து சுரமேறிக் கூடலூர்ச் சந்தைக்கு வரும் கூடையைப் பாருங்கள்: அதிலுள்ள மத்தி ஒரு பழமையான கிளையைச் சேர்ந்தது, அயிலையோ வெகு பின்னால் கிளைத்த கூட்டத்தைச் சேர்ந்தது, அந்த அயிலைக்கும், உருவத்தில் எள்ளளவும் ஒவ்வாத கடற்குதிரைக்கும், நாம் நினைத்ததைவிட நெருங்கிய பந்துத்துவம் உண்டென்று மரபணு சொல்கிறது. உருவ ஒற்றுமை உறவுக்குச் சாட்சியாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

கடல் மீனை இங்கே விடுத்து நம் ஓடைக்கு வருவோம். கெண்டை, அயிரை, கெளுத்தி என்ற மூன்றும் உங்கள் மாணவர்கள் பார்த்துப் பழகியவை. கெண்டைக்குச் செதில் உண்டு. தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்ளே உண்டு. கெளுத்திக்குச் செதில் அறவே இல்லை; நீண்ட மீசை உண்டு, துடுப்பில் குத்தும் முள் உண்டு. அயிரைக்கு வாயைச் சுற்றிச் சிறு மீசைகள், கண்ணுக்குக் கீழே ஒரு முள். இம்மூன்றும் வெளித்தோற்றத்தில் எவ்வளவோ வேறுபட்டும், உள்ளே ஒரு சூட்சுமமான ஒற்றுமை இருக்கிறது. 1820இல் வேபர் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தபடி, முதுகெலும்பின் முதற் சில கண்ணிகளிலிருந்து உருமாறிய நுண்ணிய எலும்புகள் ஒரு சங்கிலியாக அமைந்து, காற்றுப்பையின் அதிர்வை உட்செவிக்குக் கொண்டுசெல்கின்றன. மங்கிய நீரிலும் ஓசையால் உலகை அறியும் இந்த அமைப்பே இவற்றையெல்லாம் ஒரே பெருங்கூட்டமாகச் சேர்க்கிறது. உலகத்து நன்னீர் மீன்களிற் பெரும்பான்மை இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. சமையலுக்கு வாங்கிய கெண்டையொன்றை வேகவைத்து, தலைக்குப் பின்னுள்ள முதுகெலும்பைப் பொறுமையாகப் பிரித்தால், ஒரு பூதக்கண்ணாடியின் உதவியோடு அந்த எலும்புகளை வகுப்பறை மேசையின் மீதே காட்டிவிடலாம். ஆய்வகம் இல்லாத பள்ளிக்கும் இது எட்டாததன்று.

இனி நீலகிரியின் கதை. சென்னை ராஜதானியில் வைத்தியராயிருந்த ஜெர்டன் 1849இல் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதினார். வேகமாக ஓடும் மலையோடைகளில் கல்லோடு ஒட்டிக்கிடக்கும் சிறுமீன்கள் சில அவர் எழுத்தால்தான் அறியப்பட்டன. அவருக்குப் பின் வந்த ராணுவ வைத்தியர் பிரான்சிஸ் டே, 1867இல் நீலகிரியின் மீன்களையும் அதன் அடிவாரத்து ஆறுகளின் மீன்களையும் பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிட்டார். உதகைப் பக்கத்து நீர்களில் வாழும் ஒரு சிறு மீனுக்கு நீலகிரியின் பெயரையே அவர் சூட்டினார். அதன் சிற்றினப் பெயர் நீல்கெர்ரியென்சிஸ்; பேரினப் பெயரோ முதலில் பாரடேனியோ, பிறகு டேனியோ, இன்று டெவாரியோ என்று மாறியிருக்கிறது. சிற்றினப் பெயர் நிலைத்து நிற்க, பேரினப் பெயர் அறிவு வளர வளர மாறுவது ஏன் என்பதைப் புரியவைக்க நம் மலையின் மீனைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? அம்மீன் இன்று அழியும் அபாயத்திலுள்ள மீன்களின் வரிசையில் இருக்கிறது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். டே சேகரித்த மீன்களில் ஒரு பெருந்தொகுதி 1880களில் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய மியூசியத்துக்கு விற்கப்பட்டது. நம் நாட்டு ஆறுகளின் ஆதிச் சான்றுகள் பல இன்றும் கடலுக்கு அப்பால் கண்ணாடிக் குப்பிகளில் இருக்கின்றன.

ஜெர்டன் விவரித்த அந்தக் கல்லொட்டும் மீன்களில் ஒன்றின் பேரினத்துக்கு, 1920இல் ஹோரா என்ற நம் நாட்டு அறிஞர், பவானியாற்றின் பெயரால் பவானியா என்று பெயரிட்டார். சுந்தர்லால் ஹோரா பின்னர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைவரானவர். அஸ்ஸாம் மலைகளிலும் மலேயாவிலும் வாழும் மலையோடை மீன்களுக்கு நெருங்கிய உறவினம், நடுவில் ஆயிரம் மைல் சமவெளி கிடக்க, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்தது எப்படி என்ற வினா அவர் மனத்தை வெகுகாலம் ஆட்கொண்டிருந்தது. முற்காலத்தில் ஈரமும் உயரமும் மிகுந்திருந்த சாத்பூரா மலைத்தொடர் வழியே அவை மெல்ல மெல்லப் பரவின என்று அவர் கருதினார். அந்தக் கொள்கையைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை; ஆனால் விரலளவு மீனொன்றின் உறவை ஆராய்ந்து ஒரு தேசத்தின் பூர்வ மலைகளையும் மழையையும் பற்றிச் சிந்திக்க முடியும் என்று காட்டிய பெருமை அவருடையது. வகைப்பாட்டின் யோக்கியதை இதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

உங்கள் மாணவர்களிற் பலருடைய பாட்டன் பாட்டியர், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலைத்தோட்டங்களை விட்டு இங்கே வந்து, அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. நம் சிறு கெண்டைகளையெல்லாம் புண்டியஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைத்துவைத்திருந்த நெடுநாள் வழக்கத்தை 2012இல் உடைத்தவர்கள், ரோஹன் பெத்தியகொட முதலான இலங்கை அறிஞர் மூவர். அவர்கள் படைத்த புதிய பேரினங்களில் ஒன்றுக்கு, உடலிற் கரும்பட்டையுள்ள தென்னிந்தியக் கெண்டைகளுக்காக, திராவிடியா என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அதே பெயர் ஓர் ஈ வகைக்கு ஏற்கெனவே சூட்டப்பட்டிருந்தது. பிராணி சாஸ்திரத்தின் சட்டப்படி முந்தி வந்த பெயருக்கே உரிமை. ஆதலால் மறுவருஷமே அதை நீக்கி, பெத்தியகொட ஹாலுதாரியா என்று வைத்தார். ஹாலுதார் என்பவர், கங்கை மீன்களைப் பற்றி 1822இல் நூல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டனுக்காக அம்மீன்களைச் சித்திரமாக வரைந்த வங்காள ஓவியர். இருநூறு வருஷங்களுக்கு முன் தூரிகை பிடித்த ஒரு கைவினைஞனின் பெயரை இன்று நம் மலையடிவார ஓடைகளின் மீன்கள் தாங்கியிருக்கின்றன. இது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தருகிறது.

பெயர் என்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இருந்தால், மாயாற்றில் வாழும் திமில் மஹசீர் என்னும் பெருமீனின் கதையை அவர்கள் கேட்க வேண்டும். காவிரியின் மஹசீரைப் பற்றித் தாமஸ் என்ற சிவில் அதிகாரி 1873இலேயே தம் தூண்டில் நூலில் எழுதினார். 1946இல் வான் இங்கன் என்பவர் மைசூர்ப் பகுதியில் 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ, எடையுள்ள ஒன்றைப் பிடித்தார். உலகெங்குமிருந்து தூண்டில்காரர்கள் வந்து திமில் மஹசீரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு புகழ் பெற்ற அந்த மீன் எந்தச் சிற்றினம் என்று மட்டும் எவராலும் நிர்ணயமாகச் சொல்ல முடியவில்லை. இதற்கிடையில், தக்காணத்து ஆறுகளுக்குரிய நீலத்துடுப்பு மஹசீரின் குஞ்சுகள் 1970களிலிருந்து நல்லெண்ணத்தோடே காவிரியில் விடப்பட்டன; மஹசீர் எல்லாம் ஒன்றே என்ற எண்ணம் நிலவிய காலம் அது. வந்த மீன் பெருகியது. உரிய மீன் ஆறு முழுவதும் அருகிவந்தது. பெயர் நிர்ணயமாகாத மீனுக்கு அபாயப் பட்டியலில் இடம் கிடையாது. இடம் கிடையாத மீன் குறைவதை எந்த ஏடும் எடுத்துச் சொல்லாது. 2018இல்தான் ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலியோர் மாயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, காவிரியின் கிளையான பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரமாதேவியை என்ற மீனும் இதுவும் ஒன்றே என்று நிறுவினார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரமாதேவியின் பெயர் அது. அந்த வருஷமே சர்வதேசச் செம்பட்டியலில் மிக அபாயகரமான நிலையிலுள்ள இனமாக அது சேர்க்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு தாமதம்! கண்ணெதிரே திரிந்த ஒரு மகத்தான பிராணி, வகைப்பாட்டில் நாம் காட்டிய அசிரத்தையால் ஏறக்குறையக் கைநழுவிப் போயிருந்தது. மாயாறு உங்கள் பள்ளிகளுக்கு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்பதை நினைக்கும்போது, இந்த மடலை எழுதாமலிருக்க என்னால் இயலவில்லை.

மேற்கே இறங்கும் சாலியாற்றுப் பக்கத்தில், கண்ணாடித் தொட்டிகளுக்காகத் தேடித் தேடிப் பிடிக்கப்படும் செங்கோட்டுக் கெண்டை இருக்கிறது. அது 1865இல் சென்னைக் கவர்னர் டெனிசனின் பெயர் பெற்றது. 2013இல் சஹ்யாத்ரியா என்ற தனிப் பேரினம் ஆயிற்று. அதுவும் அழியும் அபாயத்திலுள்ளதே. உதகைப் பக்கத்து டிரவுட் மீனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் ஏற்பட்டது. அங்கு வளரும் வானவில் டிரவுட், 1989 முதல் பசிபிக் சால்மன்களின் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அயல்நாட்டு மீனின் பெயர் மாறியதை அறிந்தவர்களும் நம் ஓடைக் கெண்டையின் பெயரை அறியாதிருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

ஆகவே நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இது. ஒவ்வொரு பள்ளியும் தன் பக்கத்து ஓடைக்கும் வயல்வாய்க்காலுக்கும் ஒரு மீன் பதிவேடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மீனைக் கண்டால், நீர் நிறைந்த கண்ணாடிப் பாத்திரத்திலிட்டு, மீசை எத்தனை, முதுகுத்துடுப்பில் கதிர் எத்தனை, பக்கக்கோட்டில் செதில் எத்தனை, கரும்புள்ளி எங்கே என்று எண்ணியும் வரைந்தும் படமெடுத்தும் பதிந்துவிட்டு, அதே இடத்தில் விட்டுவிடலாம். முதுமலைக் காப்பகத்துக்குள்ளும் ஏனைய வனப்பகுதிகளிலும் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பதையும், யானை நடமாடும் வேளைகளில் ஓடைப்பக்கம் போகலாகாது என்பதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயலோர நீரில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்துப் பழகிய பணியர் சமூகத்துப் பெண்களும், காட்டுநாயக்கரும், குறும்பரும், எந்த மீன் எந்த மழையில் எங்கே ஏறிவரும் என்று அறிந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு, அவர்கள் மொழியில் வழங்கும் மீன்பெயரையும் பதிவேட்டில் முதல் நிரலாக எழுதுங்கள். லத்தீன் பெயர் பின்னால் வரட்டும், நிச்சயமாகத் தெரிந்த பிறகு.

விலைக்கு வாங்கிய அலங்கார மீனையோ, குளத்தில் வளர்த்த ஜிலேபி மீனையோ ஓடையில் விடும் வழக்கம் இருந்தால், அதை மாணவர் மூலமாகத் தடுத்து நிறுத்துங்கள். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் எத்தனை நீர்நிலைகளை ஆக்கிரமித்துக்கொண்டது என்பது நாடறிந்தது. அதைவிடவும் நுட்பமாக எச்சரிக்கை செய்ய வேண்டியது ஒன்றுண்டு: தெப்பக்காட்டுப் பக்கத்து ஓடையிற் பிடித்த மீனை நாடுகாணிப் பக்கத்து ஓடையில் விடலாகாது, இங்குள்ளதை அங்கே கொண்டுபோகவும் கூடாது. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இரு கெண்டைகள் இரு வேறு சிற்றினங்களாக இருக்கக்கூடும். அந்தக் கலப்பு ஒருமுறை நேர்ந்துவிட்டால் பின்னால் எந்த அறிஞர் வந்தாலும் பிரித்தறிவது துர்லபம். எனவே பதிவேட்டின் முதற்பக்கத்தில், மீனின் பெயருக்கும் முன்னதாக, உங்கள் பள்ளியின் ஓடை எந்த ஆற்றைச் சேர்கிறது என்பதை எழுதுங்கள். சில பள்ளிகளில் அதற்கு உடனே விடை கிடைக்காது; அப்படியானால் மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமையன்று மாணவர்களையும் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, பாதுகாப்பான தூரம்வரை நீரின் போக்கிலேயே நடந்து, அதைக் கேட்டும் கண்டும் தெரிந்துகொள்ளுங்கள்.


நாடுகாணிவாசி ஒருவன்